ஒன்று என்றால் ஆமாம்

எங்கள் வீட்டுக் கூடத்தில் நான்கடி நீளத்துக்குக் கடல் இருக்கிறது. திருக்காட்டுப்பள்ளியில் நெல் போட்டுப் பிழைக்கிறவன் வீட்டில் கடலுக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். நானும் அதைத்தான் கேட்டேன். கேட்ட விதம்தான் சரியில்லை.

என் மகன் ராஜ்குமார் சிங்கப்பூரில் ஆறு வருடம் வேலை பார்த்துவிட்டு வந்து வைத்த தொட்டி அது. உப்புத் தண்ணீர், பவளங்கள், நத்தைகள், இரண்டு கோமாளி மீன். மோட்டார் இரைச்சல் கூடத்தில் கேட்கக்கூடாது என்று சுவரில் ஓட்டை போட்டு, குழாய் விட்டு, வடிகட்டும் பெட்டியைப் பின்னறையில் வைத்தான். போன வருடம் சம்பா நாற்று காய்ந்துகொண்டிருந்த ஒரு நாள், கோடியக்கரைக்குப் போய்க் கடல் தண்ணீர் எடுத்து வருகிறேன் என்று குட்டி யானை வண்டியின் சாவியைக் கையில் எடுத்தான். எனக்குத் தலைக்கேறிவிட்டது.

“பயிருக்குத் தண்ணி இல்ல, தொரைக்குக் கடத்தண்ணி கேக்குது. போ, அந்தக் கடல்லயே போய்க் கெட. திரும்பி வராத.”

அவன் சாவியோடு வாசலில் இறங்கிப் போனான். என் மனைவி அகிலாண்டம் அடுப்படி வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

திரும்பும் வழியில் லாரி மோதி வண்டியின் முன்பக்கம் நசுங்கிவிட்டது. பின்னால் இருந்த இரண்டு கேனிலும், மூடி போட்ட வாளியிலும் ஒரு கீறல்கூட இல்லை. மறுநாள் அவனோடு சேர்த்து அவற்றையும் கொண்டுவந்து வாசலில் இறக்கினார்கள். எரித்துவிட்டு வந்த அன்று சாயங்காலமே அகிலாண்டம் அந்தத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றினாள். வாளிக்குள் சிப்பி ஒட்டிய கல் ஒன்று கிடந்தது. யாரோ மீனவர் வலையில் சிக்கியதைக் கொடுத்திருக்க வேண்டும். அதையும் உள்ளே இறக்கினாள்.

மூன்றாம் நாள் சத்தம் கேட்டது. டக். உள்ளேயிருந்து யாரோ கண்ணாடியை நகத்தால் சுண்டுவதுபோல. பொய் சொல்ல மாட்டேன், இரண்டு நாள் கூடத்துப் பக்கமே போகவில்லை. பிறகு தஞ்சாவூரில் மீன்தொட்டிக் கடை வைத்திருக்கும் ஜெயபாலிடம் கேட்டேன்.

“கல்லுக்குள்ள இறால் இருக்கும் சார். விரல் நீளந்தான். கொடுக்கைச் சொடுக்குனா இப்படித்தான் கேக்கும். வெளிய வராது, கண்ணுலயும் படாது.”

நிம்மதியாக வீட்டுக்கு வந்தேன். அகிலாண்டம் தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

“ஒண்ணுன்னா ஆமா, ரெண்டுன்னா இல்ல. சரியா குமாரு? அம்மா இப்ப சாப்புடவா?”

டக்.

எழுந்து போய்த் தட்டு எடுத்து வைத்துச் சாப்பிட்டாள். அவன் போனதிலிருந்து அவள் வாயில் ஒரு வாய் சோறு இறங்கியதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். இறாலைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை.

அன்றிலிருந்து தொட்டியைப் பார்த்துக்கொள்வது என் வேலையாயிற்று. யாரைக் கடலிலேயே கிட என்று திட்டினேனோ அவன் தொட்டிக்காக எழுதி வைத்திருந்த நோட்டைப் படித்துப் படித்தே கற்றுக்கொண்டேன். தண்ணீர்தான் ஆவியாகிப் போகும், உப்பு எங்கேயும் போகாது. கோடையில் வயலில் உப்புப் பூத்துக் கிடப்பதைப் பார்த்தவனுக்கு இதைத் தனியாகச் சொல்லித்தர வேண்டாம். குறைந்த அளவுக்கு நல்ல தண்ணீர் மட்டும் ஊற்ற வேண்டும். தினமும் சாயங்காலம் பின்னறையில் நின்று வடிகட்டும் பெட்டியில் ஊற்றினேன். சுவருக்கு அந்தப் பக்கம் அவள் பேசுவதும் இறால் சொடுக்குவதும் கேட்கும்.

தை மாதம், அந்த நல்ல தண்ணீரைச் சுத்திகரித்துத் தரும் ஆர்.ஓ. மெஷின் அடைத்துக்கொண்டது. சரிசெய்கிறவன் இன்று வருகிறேன், நாளை வருகிறேன் என்று இழுத்தான். வீட்டில் நாங்கள் குடிக்கிற தண்ணீர், புளி போட்டுப் பளபளவென்று தேய்த்த செப்புக் குடத்தில் இருக்கும். செம்பில் ஊறிய தண்ணீர் உடம்புக்கு நல்லது என்று ஊரே சொல்கிறது. நமக்கு நல்லது அதற்கும் நல்லதுதானே என்று பத்து நாள் அதையே ஊற்றினேன்.

நத்தைகள் ஒவ்வொன்றாகக் கண்ணாடியிலிருந்து விழுந்தன. பவளங்கள் சுருங்கி வெளுத்தன. மீன் இரண்டும் ஒன்றுமே நடக்காததுபோல நீந்தின. ஜெயபாலுக்கு ஃபோன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன்.

“செம்புத் தண்ணியா ஊத்துனீங்க? மீன் தாங்கும் சார். மத்ததுக்கெல்லாம் வெஷம்.”

சத்தம் நின்றது. ஒரு நாள், இரண்டு நாள். அகிலாண்டம் கேட்டுக் கேட்டுப் பார்த்தாள். மூன்றாம் நாள் அவள் தட்டில் சோறு அப்படியே காய்ந்து கிடந்தது. மகனை வாயால் அனுப்பினேன், மிச்சமிருந்ததைக் கையால் கொன்றேன் என்று எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருந்தது.

நான்காம் நாள் சாயங்காலம் பின்னறையில் நின்றிருந்தேன்.

“குமாரு, இருக்கியா?”

என் விரல் தானாகப் போய், தொட்டிக்குப் போகும் குழாயை ஒரு தடவை சுண்டியது. சுவருக்கு அந்தப் பக்கம் அவள் விம்மினாள். அன்று சாப்பிட்டாள். அப்புறம் தினமும் அவன் சார்பில் நான்தான் பதில் சொன்னேன். மழை வருமா, அத்தை வீட்டுக் கல்யாணத்துக்குப் போகட்டுமா, இப்படி. இதில் எனக்கு ஒரு பெருமைகூட வந்துவிட்டது, வெட்கக்கேடு.

பங்குனியில் ஒரு நாள், தொட்டி விளக்கு இரவுக்காக நீலமாக மாறுகிற நேரத்தில் கேட்டாள்.

“அப்பா மேல இன்னும் கோவமா இருக்கியா குமாரு?”

இத்தனை மாதத்தில் அந்த நாளைப் பற்றி அவள் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஒரு தட்டு என்றால் ஆமாம். இரண்டு தட்டினால் போதும், எனக்கு மன்னிப்புக் கிடைத்துவிடும். அதைக் கொடுப்பவனும் நான்தான்.

ஒரு தடவை தட்டினேன். இரண்டாவதற்கு விரலைத் தூக்கினேன். இறங்கவில்லை. அவன் சொல்லாததை அவன் பெயரால் எனக்கு நானே எப்படிச் சொல்லிக்கொள்வது? அந்தப் பக்கம் அவள் காத்திருந்தாள்.

“ஒண்ணுதானா” என்றாள் கடைசியில். அழுகை இல்லை அந்தக் குரலில். “இருக்கட்டும்பா. கோவம் தீந்துட்டா நீ போயிருவ. கோவத்தோடயே இரு.”

மறுநாளும் அதே கேள்வியைக் கேட்டாள். நான் ஒரு தடவை தட்டினேன்.