கடலை அழிக்கச் சொன்ன நாள்

தாழ்வுபாடு மீனவக் கிராமத்துக் கோயில் சுவரில் விண்ணக எருசலேமை வரைந்த றெனால்ட், நகரவாசலில் நீலக் கடலொன்றையும் தீட்டியிருந்தார்.

"அந்த நகரத்தில கடல் இல்லையெண்டு பைபிளில கிடக்கு, றெனால்ட். அழிச்சுவிடுங்கோ" என்றார் பங்குத்தந்தை.

றெனால்ட் வெள்ளைப் பெயின்ற்றில் தூரிகையைத் தோய்த்தபோது கிறேஸ் ஓடிவந்து அவர் கையைப் பிடித்தாள். அவளுடைய கணவன் மில்ரன் கடலுக்குப் போய் மூன்று நாளாகியும் திரும்பவில்லை.

"அண்ணே, அவர் வருமட்டும் அழிக்காதேங்கோ. கடல் இல்லாட்டி அவர் எந்த வழியால வாறது?"

பங்குத்தந்தை பெயின்ற் வாளியை மூடினார். றெனால்ட் தூரிகையைக் கீழே வைத்தார்.

மாலையில், தேடப்போனவர்கள் மில்ரனின் படகைக் கட்டியிழுத்து வந்தார்கள். வலை மடித்தபடியே கிடந்தது, ஆளைக் காணவில்லை. கிறேஸ் முழங்காலளவு தண்ணீரில் இறங்கி நின்றாள். எவ்வளவு கூப்பிட்டும் அவள் கரைக்கு வரவில்லை.