குப்பை மலை யார் பங்கு?

மாநிலத்தில் காற்றிலிருந்தும் வெயிலிலிருந்தும் எவ்வளவு மின்சாரம் எடுக்க முடியும் என்று கணக்கிடும் அலுவலகத்தில் கூட்டல் மேடத்துக்கு ஒரே வேலைதான். காற்றுப் பிரிவு ஓர் எண் கொடுக்கும், வெயில் பிரிவு ஓர் எண் கொடுக்கும். இரண்டையும் கூட்டி இயக்குநருக்கு அனுப்ப வேண்டும். காற்றுப் பிரிவின் தலைவர் அவள் கணவர். வெயில் பிரிவின் தலைவர் அவள் அண்ணன். அதுவரை இரண்டு எண்களும் சண்டை சச்சரவில்லாமல் கூடிக்கொண்டுதான் இருந்தன.

ஓர் இடத்தை ஒரு பிரிவுதான் கணக்கில் சேர்க்கலாம் என்று இயக்குநர் புது உத்தரவு போட்டார். வந்தது வினை. தரிசு, கடற்கரை, ஏரிக்கரை எல்லாவற்றையும் மாப்பிள்ளையும் மச்சானும் பெருந்தன்மையாகப் பிரித்துக்கொண்டார்கள். ஊர் எல்லையில் இருந்த குப்பை மலையில் வந்து முட்டிக்கொண்டார்கள். அதன் உச்சியில் நின்றால் தலைமுடி தலையில் நிற்காது, அவ்வளவு காற்று என்றார் கணவர். மருந்துக்கும் நிழல் கிடையாது, வெயில் மண்டையைப் பிளக்கும் என்றார் அண்ணன்.

அண்ணன் தங்கை வீட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டார். கணவரோ வீட்டிலும் அலுவலக மொழியில் பேசத் தொடங்கினார். சாப்பாட்டில் உப்பு குறைவு என்பதைக்கூட 'தங்கள் மேலான கவனத்துக்கு' என்று ஆரம்பித்துத்தான் சொன்னார்.

இதற்கிடையில் இருவரும் ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் குப்பை லாரிக்காரர்களைப் போய்ப் பார்த்தார்கள். உச்சியிலேயே கொட்டுங்கள், உயரம் கூடினால் காற்றும் கூடும் என்று கணவர் கேட்டுக்கொண்டார். வடக்குப் பக்கமாகவே கொட்டுங்கள், அப்போதுதான் சரிவு தெற்கே வெயிலைப் பார்த்திருக்கும் என்றார் அண்ணன். இருவர் மனமும் கோணக்கூடாது என்று லாரிக்காரர்கள் குப்பையை நடுரோட்டிலேயே கொட்டிவிட்டுப் போனார்கள். அதில் இயக்குநரின் கார் சிக்கிக்கொண்டது. மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்தே அலுவலகம் வந்தவர், நேராகக் கூட்டல் மேடத்தின் மேசைக்கு வந்து, மலை யாருக்கு என்று இன்றைக்கே முடிவு செய்யச் சொல்லிவிட்டார்.

மூவரும் மலையேறினார்கள். கணவர் காற்றளக்கும் கம்பை நட்டார். அண்ணன் வெயிலளக்கும் பெட்டியை வைத்தார்.

"மாப்பிள்ளை, உங்க கம்போட நிழல் என் பெட்டி மேல விழுது."

"நகர்றது சூரியன் மச்சான். என் கம்பு நட்ட இடத்துலயேதான் நிக்குது."

அண்ணன் காற்று வரும் திசையில் போய் நின்றுகொண்டார். கனத்த உடம்பு. கம்பின் மேலிருந்த கிண்ணங்கள் சுற்றுவதை நிறுத்தின. கணவர் கம்பைப் பிடுங்கி வேறு இடத்தில் நட்டார். அண்ணன் அங்கேயும் போய் மறைத்தார். கல்யாணம் ஆன காலத்திலிருந்து ஒற்றுமையாகவே பார்த்த இரண்டு பேர், குப்பைக்கு மேல் கோழி துரத்துவதுபோல் சுற்றிச் சுற்றி ஓடுவதைக் கூட்டல் மேடம் ஒரு பழைய டயரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நாற்றத்தில் அவளுக்குத் தலை வலித்தது. அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது.

மூச்சு வாங்கி நின்ற அண்ணன், ஒரு சிகரெட்டைப் பற்றவைத்துவிட்டுக் குச்சியைக் கீழே போட்டார். குப்பென்று நீல நிறத்தில் தீ எழுந்தது. அவர் துள்ளிக் குதித்தார். கணவர் ஓடிவந்து தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்தார். இந்தப் பக்கம் அணைந்த தீ அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தது. எரிய அங்கே கட்டையோ காகிதமோ எதுவும் இல்லை. மலைக்குள்ளிருந்து ஏதோ சீறிக்கொண்டு வந்தது.

கூட்டல் மேடம் எழுந்து வந்து பார்த்தாள்.

"இது உங்க ரெண்டு பேருக்கும் இல்ல. உள்ள குப்பை மக்கி வர்ற வாயு. இதுக்குத் தனியா ஒரு எண் போடணும்" என்றாள்.

இயக்குநருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. வாயுப் பிரிவு என்று புதிதாக ஒன்றைத் தொடங்கி, கைப்பிடி வைத்த நாற்காலியோடு அவளையே தலைவராக்கினார்.

அடுத்த ஞாயிறு அண்ணன் மறுபடியும் தங்கை வீட்டுக்கு வந்தார். கணவர் வாசலுக்கே போய் அழைத்து வந்தார். இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அவளுக்கு மனசு குளிர்ந்தது, பேச்சு காதில் விழும்வரை. காற்று இல்லாமல் தீ எப்படி எரியும் என்று கணவர் கேட்டார். வெயில் சூடு இல்லாமல் குப்பை எப்படி மக்கும் என்று அண்ணன் கேட்டார். தீயில் ஆளுக்குப் பாதி கேட்டு இயக்குநரிடம் சேர்ந்தே மனு கொடுப்பதாக முடிவாகிக்கொண்டிருந்தது.

அவள் கரண்டியைப் பாத்திரத்துக்குள் வைத்தாள்.

"தீ எரியுறது என் பிரிவுல. நீங்க சாப்பிடுறது நான் சமைச்சது. ரெண்டுல எதை நிறுத்தட்டும்?"

மனு அத்தோடு போயிற்று. இரண்டு பேரும் தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டு முடித்தார்கள்.

மறுநாள் பிரிவுத் தலைவராக அவள் முதல்முறையாக மலையேறினாள். தீயைச் சுற்றி மூன்று செங்கல் வைத்து லாரிக்காரர்கள் தேநீர் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவளைக் கண்டதும் பதறி எழுந்தார்கள். அவள் உட்காரச் சொன்னாள். நீட்டிய கிளாஸை வாங்கி ஒரு வாய் குடித்தாள். பிறகு காற்று உள்ளே வராதபடி செங்கல்லைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, அடுத்த கொதி வரும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.