யாராவது பயன்படுத்துகிறீர்களா?

...இல்லை, ஞாயிற்றுக்கிழமையே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், அக்கா, அப்டேட் பண்ணட்டுமா என்று, கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாள், புதன்கிழமை வரைக்கும் கை வைக்காதேடா என்றிருப்பாள், அது தெரிந்துதானே கேட்காமல் தன் வீட்டிலிருந்தபடியே அவள் கணினிக்குள் நுழைந்து எல்லாவற்றையும் புதுசாக்கிவிட்டு, என்னவோ பெரிதாகச் சாதித்தவன் மாதிரி எழுந்து போனான்... இப்போது புதன்கிழமை, மணி இரண்டரை, அரைநாள் லீவு போட்டு வந்து அக்காவின் மேசை முன்னால் உட்கார்ந்திருக்கிறான். பக்கத்து நாற்காலியில் அக்கா. அவள் முன்னால் பிரெயில் பலகை, நாற்பது கட்டங்கள், திரையில் வரும் எழுத்துக்குத் தகுந்தபடி ஒவ்வொரு கட்டத்திலும் குட்டி முனைகள் எழும்பும், அவள் தடவிப் படிப்பாள். மூன்று நாளாக ஒரு முனைகூட எழும்பவில்லை.

நாலு மணிக்குள் அக்கா கணக்குப் பாடப் புத்தகத்தின் கடைசிப் பன்னிரண்டு பக்கங்களைப் பிழை திருத்திப் பதிப்பகத்துக்கு அனுப்ப வேண்டும். கணினி வாசித்துக் காட்டுவதைக் காதால் கேட்டுக் கதைப் புத்தகம் திருத்தலாம், கணக்குப் புத்தகத்தில் ஒரு புள்ளி இடம் மாறியதைக் காது எப்படிப் பிடிக்கும், விரல்தான் பிடிக்கும். இன்னொரு தடவை தாமதமானால் வேறு ஆள் பார்த்துக்கொள்வோம் என்று பதிப்பகத்தில் போன மாதமே சொல்லியாயிற்று. இதையெல்லாம் சொல்லும்போது அவள் குரல் உயரவில்லை, அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை. "டிரைவர் இல்லாத வண்டியில என்னை ஏத்திவிட்டுட்டியேடா" என்று மட்டும் சொன்னாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

டிரைவர் இருந்ததுதான், கணினியையும் பலகையையும் பேசவைக்கிற நிரல், ஏழு வருஷம் ஒழுங்காக ஓடியது. பலகை செய்த கம்பெனி கைகழுவியபோது, காசு கொடுத்து வாங்கிய பழைய சிஸ்டமும் இனி இது நமக்கு வேண்டாம் என்றபோது, இவன்தான் இலவச சிஸ்டம் ஒன்றுக்கு அவளை மாற்றிவிட்டு மார்தட்டினான்... எவன் தயவும் வேண்டாம்க்கா, இது எல்லாரும் சேர்ந்து எழுதுற சிஸ்டம், இதுல யாரையும் கைவிட மாட்டாங்க... அப்படியென்றால் புதிய பதிப்பில் அந்த டிரைவரைத் தூக்கியது யார்? கால்மணி நேரத்துக்கு முன்னால் தேடிப் பார்த்தான், யாரோ ஒருவர் முறையாகத்தான் தூக்கியிருக்கிறார், ஆறு மாதம் முன்பே, அந்த சிஸ்டத்தை எழுதுகிறவர்களும் பயன்படுத்துகிறவர்களும் இருக்கிற குழுவுக்கு மடல் போட்டிருக்கிறார். இந்தப் பலகையை யாராவது இன்னும் பயன்படுத்துகிறீர்களா, பதில் வராவிட்டால் நீக்கிவிடுகிறேன். ஒருவரும் பதில் போடவில்லை. அந்த மடலை இவன் படித்திருந்தான். மறக்காமலிருக்க நட்சத்திரம்கூடப் போட்டு வைத்திருந்தான்.

ஆமாம் என்று எழுத எவ்வளவு நேரம்... வேறு யாராவது சொல்வார்கள் என்று நினைத்தேன் என்று தனக்கே சமாதானம் சொல்லிப் பார்த்தான், ஒட்டவில்லை. அந்தக் குழுவில் நிமிஷத்துக்கு ஒரு தரம் வாயைத் திறக்கிறவன், எழுத்துரு கோணலாகத் தெரிந்தால்கூட நாலு பத்தி எழுதுகிறவன், இதற்கு மட்டும் ஏன் வாயடைத்துப் போனான்? ஆமாம் என்றால் அடுத்த கேள்வி யார் என்று வரும். ஆபீசில் கேட்டால் அக்கா புத்தகத் துறையில் இருக்காங்க என்பான், பொய்யில்லை, ஆனால் அதோடு நிறுத்திக்கொள்வான், கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போனபோது அப்பா சொல்லிக்கொடுத்த வாக்கியம் அது. அப்பா போய்ச் சேர்ந்து நாலு வருஷமாகிறது, வாக்கியம் இவனோடுதான் இருக்கிறது. வெட்கமாக இருந்தது, அவளைப் பற்றியல்ல.

பழைய டிரைவரின் நிரலை எடுத்துப் புதிய சிஸ்டத்துக்கு ஏற்பத் திருத்தி ஏற்றினான், முதல் தடவை பிழை, இரண்டாம் தடவையும் பிழை, மூன்றாம் தடவை பலகையில் படபடவென்று முனைகள் எழும்பின. மணி மூன்று பத்து. "வந்துடுச்சுடா!" என்றாள் அக்கா, பத்து விரலும் பலகைமேல் பரவ. ஆனால் அடுத்த அப்டேட்டில் இதுவும் போய்விடும், குழுவுக்கு எழுதித் திரும்பச் சேர்க்கச் சொல்ல வேண்டும், இப்போதே எழுதாவிட்டால் எழுதவே மாட்டான், தன்னை அவனுக்குத் தெரியாதா...

"ரெண்டே நிமிஷம்க்கா, ஒரு மடல் போட்டுட்டுத் தந்துடறேன்."

"போடு, போடு. பன்னெண்டு பக்கம்தானே, முடிச்சுடுவேன்."

மளமளவென்று அடித்தான், இந்த டிரைவரை நீக்கியது தவறு, இதைப் பயன்படுத்துகிறவர்கள் இருக்கிறார்கள், என் நண்பர் ஒருவர் தினமும் இதை நம்பித்தான் வேலை செய்கிறார்... பக்கத்தில் பலகைமேல் அக்காவின் விரல்கள் இடமிருந்து வலமாகப் போய்க்கொண்டிருந்தன, போய்க்கொண்டே இருந்தவை நின்றன. திரும்பிப் பார்த்தான். பலகை வேலை செய்கிறது. திரையில் என்ன விழுகிறதோ அதெல்லாம் அங்கேயும் விழும்.

"யாருடா அந்த நண்பர்?" என்றாள் அக்கா, மெதுவாக.

அழிக்கும் விசைமேல் விரலை வைத்தான். வைத்தவன் அழுத்தவில்லை. அழித்தாலும் அது ஒவ்வோர் எழுத்தாக அவள் விரலுக்கடியில்தான் அழியும்.