பொழுது சாய்வதற்குள் மக்ரோனி

செஞ்சி வியாபாரிகள் சங்கமொன்றில் அஜித்நாதன் துணைத்தலைவர். உறுப்பினர்கள் ஒன்பது பேர்; அதில் நால்வர் துணைத்தலைவர்கள்.

அன்று அவர் மனைவி அனந்தி ஓவனில் மக்ரோனி சுட்டுக்கொண்டிருந்தாள். சமண வீடு; வெங்காயம், பூண்டு கிடையாது. சீஸில் கன்றுக்குட்டி வயிற்றுச் சமாச்சாரம் சேர்ப்பார்களா என்று கம்பெனிக்கே போன் போட்டுக் கேட்டுத்தான் வாங்கியிருந்தாள். கூடத்தில் தர்மவதி காத்திருந்தாள். திண்டிவனத்தில் பெண்கள் விடுதி நடத்துபவள். சாப்பிட்டுப் பிடித்துப்போனால் விடுதிச் சமையல் வேலை அனந்திக்கு. இரண்டு வருடமாக அவள் கேட்டு அலைந்த வேலை. ஆனால் தர்மவதியும் சமணம்தான்; பொழுது சாய்ந்துவிட்டால் வாயில் எதுவும் வைக்கமாட்டாள்.

ஐந்தரைக்கு, மேலே பொன்னிறமாக, ஓரமெல்லாம் சீஸ் கொதிக்க, டிரேயை வெளியே எடுத்தாள்.

"இரு, இரு, உள்ள வை! லைவ் போட்டுட்டு எடுக்கலாம்" என்றார் அஜித்நாதன், கைப்பேசியோடு.

வைத்தாள். எடுத்தாள். சட்டைப்பையில் பேனா இல்லையாம்; மறுபடி வைத்தாள். உள்ளே சாஸ் இறுகியது, வெளியே இவள் பல்.

"அன்பார்ந்த நேயர்களே!" நேயர்கள் மூன்று பேர். ஒருவர் அவரே, இன்னொரு கைப்பேசியில்.

"இன்னாங்க, பொழுது போவுது. அக்கா சாப்டட்டும்."

"குறுக்க பேசாத. பொழுது சாஞ்சா எங்க குடும்பத்துல ஏழு தலைமுறையா பச்சத்தண்ணி கூடக் குடிக்கமாட்டோம். அதத்தான் சொல்லிட்டிருக்கேன்!"

சொல்லி முடிப்பதற்குள் ராஜகிரி மலைக்குப் பின்னால் சூரியன் இறங்கிவிட்டது. தர்மவதி கும்பிட்டு எழுந்தாள்.

"மலைதாம்மா மறைக்குது! அந்தாண்ட இன்னும் வெயில் இருக்குது" என்றார் அவர்.

"அப்ப அந்தாண்ட போய்ப் பேசியிருக்கணும்!" அனந்தி வெடித்தாள். "சுட்ட நானே இன்னும் வாயில வைக்கல. மூணு பேரு பாக்குறதுக்கு என் பொழப்புல மண்ணப் போட்டியே!"

"அனந்தி... லைவ் ஓடுது."

"ஓடட்டும்!"

நேயர்கள் நாற்பது ஆனார்கள்.

டிரேயைத் தூக்கிப்போய்ப் பக்கத்து வீட்டு அலீனாவிடம் கொடுத்தாள். அவள் வாசலிலேயே கரண்டியைக் குத்தினாள். மேல் தோல் மொறுக்கென்று உடைந்தது. "அக்கா, சூப்பரா இருக்குதுக்கா!" என்றாள் வாய் நிறைய.

பின்னாலேயே வந்த அஜித்நாதன் எச்சில் விழுங்கினார். "எனக்கு ஒரே ஒரு..."

"ஏழு தலைமுறை" என்றாள் அனந்தி.

செருப்பு மாட்டிக்கொண்டிருந்த தர்மவதி நிமிர்ந்தாள். "வெள்ளிக்கெழம விடுதிக்கு வந்துடு. பகல்ல. அங்கயே சுட்டுக் குடு, சாப்ட்டுப் பாக்குறேன்."

"வரேங்க்கா."

"நானும் வந்து வீடியோ..." என்று ஆரம்பித்தார் அவர்.

"பொண்ணுங்க விடுதி சார். ஆம்பளைங்களுக்கு வாசல் கேட் வரைக்கும்தான்."

நேயர்கள் இப்போது இருநூறு.