இரண்டு பேருக்கு ஒரு பேட்ஜ்

ஆள் பாதி, ஆடை பாதி என்பார்கள். எங்கள் கம்பெனியில் அந்தக் கணக்கெல்லாம் செல்லாது. பேட்ஜ்தான் முழு ஆள். ஆபீஸ்காரர்களுக்கு வெள்ளை, என்னைப் போன்ற நிரந்தர ஆட்களுக்குப் பச்சை, ஒப்பந்தத்தில் வந்தவர்களுக்கு மஞ்சள். பச்சை போட்டவள் நாற்காலியில் உட்கார்ந்து டீ குடிக்கலாம். மஞ்சள் போட்டவள் கவிழ்த்த பெட்டியின் மேல்தான் உட்கார வேண்டும். இதைக் கண்டுபிடித்த மகராசன் எங்கிருந்தாலும் நன்றாயிருக்கட்டும்! வீட்டுக்குப் போனாலும் இதே கூத்துதான். என் மகனுக்குப் பள்ளியில் வகுப்புத் தலைவன் பேட்ஜ் குத்திவிட்டார்கள். அன்றிலிருந்து சொந்த அக்காவையே, "பேசாத, பேர் எழுதிடுவேன்" என்று மிரட்டுகிறான்.

நாங்கள் மீனைப் பெட்டியில் அடைத்து அனுப்புகிறவர்கள். ஐஸ் ரூமுக்குள் போகிறவர் கதவுக்குப் பக்கத்துப் பலகையில் பேட்ஜை மாட்டிவிட்டுப் போக வேண்டும், வெளியே வந்ததும் எடுத்துக்கொள்ள வேண்டும். பலகை காலியாக இருந்தால்தான் மேஸ்திரி வெளித்தாழ்ப்பாளைப் போடுவார். உள்ளேயிருந்து திறக்கிற கைப்பிடி உடைந்து வெகுநாள் ஆகிறது. பலகைதான் இருக்கிறதே என்று அதை யாரும் சரிசெய்யவில்லை.

ஒப்பந்த ஆட்களில் ஓர் அக்கா, தங்கை உண்டு. பெரியவள், சின்னவள் என்றுதான் கூப்பிடுவோம். மஞ்சள் பேட்ஜ் பெரியவளுக்கு மட்டுமே. புருஷனின் அடி தாங்காமல் ஓடிவந்த சின்னவளைத் தனியாக விடப் பயந்து, மேஸ்திரியிடம் கெஞ்சிக் கூத்தாடி அவளையும் வேலைக்குக் கூட்டி வந்தாள். சும்மா இரண்டு கை கூடுதலாகக் கிடைத்தால் மேஸ்திரிக்குக் கசக்குமா? இருவரில் யார் ஐஸ் ரூமுக்குள் போனாலும் அந்த ஒரே பேட்ஜ்தான் பலகையில் தொங்கும். "பேட்ஜ் போச்சுன்னா கம்பெனி குடுத்த ரூமும் போச்சு. நடுத்தெருதான்" என்று பெரியவள் தங்கைக்கு ஓதாத நாளில்லை.

தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் அம்மா சோதனைக்கு வந்த அன்றுதான் எல்லாம் நடந்தது. கார் உள்ளே நுழைந்ததும் மேஸ்திரிக்குக் கால் தரையில் நிற்கவில்லை. "பேட்ஜ் இல்லாதவ எவளும் என் கண்ணுல படக்கூடாது!" என்று கத்திக்கொண்டு வாசலுக்கு ஓடினார். பெரியவள் தங்கையை ஐஸ் ரூமுக்குள் தள்ளி, தன் பேட்ஜைக் கழற்றிப் பலகையில் மாட்டினாள். அதுவரை சரி.

அந்த அம்மா வரிசையாக ஒவ்வொருத்தியின் நெஞ்சையும் பார்த்துக்கொண்டே வந்தார். முன்னால் வந்த மேஸ்திரி பெரியவளிடம் பல்லைக் கடித்தார். "எங்க உன் பேட்ஜு? மாட்டித் தொலை!"

பயத்தில் அவள் பலகையிலிருந்து பேட்ஜை எடுத்து நெஞ்சில் குத்திக்கொண்டாள். மேஸ்திரி காலிப் பலகையைப் பார்த்தார். தன் ஒழுங்கைக் காட்டும் பெருமையோடு தாழ்ப்பாளைப் போட்டார்.

பெரியவளின் முகம் செத்துப்போனது. "அக்கா, அவ உள்ள இருக்கா" என்றாள் என் காதில்.

"அடிப்பாவி! போய்ச் சொல்லுடி!"

"சொன்னா பேட்ஜப் புடுங்கிடுவாங்கக்கா. இப்பப் போயிடுவாங்க. கொஞ்சம் பொறுங்கக்கா."

எங்கே போனார்கள்? அந்த அம்மா மீனைப் பற்றிக் கேட்டார், தராசைப் பற்றிக் கேட்டார். பிறகு ஐஸ் ரூம் கதவுக்கு முன்னாலேயே நின்று போட்டோ எடுத்துக்கொள்ள வேண்டும் என்றார். மேஸ்திரி தலையை வாரிக்கொண்டார். உள்ளேயிருந்து ஒரு தட்டல் கேட்காதா என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். ஒன்றும் கேட்கவில்லை. பொறுமைக்கும் ஓர் எல்லை உண்டு. என் பச்சை பேட்ஜைப் பிடுங்கிப் பலகையில் மாட்டினேன்.

"பேட்ஜ் தொங்குது. கதவத் திறங்க!"

"கிறுக்கா பிடிச்சிருக்கு? நீதான் வெளிய நிக்கிறியே!" என்றார் மேஸ்திரி.

"யாரு உள்ள நிக்கிறாங்கன்னு திறந்து பாருங்க."

அந்த அம்மா திறக்கச் சொன்னார். கடைசி மூலையில் பெட்டிகளுக்கு நடுவில் சின்னவள் சுருண்டு கிடந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. அவளைத் தூக்கி வந்து, கோணிகளைப் போர்த்தி, கையைத் தேய்த்துவிட்டேன். "ஏன்டி தட்டல?" என்றேன். அவள் அக்காவின் பேட்ஜைத்தான் பார்த்தாள்.

"யார் இது?" என்றார் அந்த அம்மா.

"நம்ம ஆளே இல்லைங்க. எப்படி நுழைஞ்சான்னே தெரியல" என்றார் மேஸ்திரி. கூசாமல் சொன்னார் பாவி! நேற்றுக்கூட அவளைக் கூப்பிட்டுத்தான் தன் மேசையைத் துடைக்கச் சொன்னார்.

அழுதுகொண்டு நின்ற பெரியவள் பக்கம் அந்த அம்மா திரும்பினார். "உனக்கு இவளத் தெரியுமா?"

பெரியவளின் கை தானாகப் பேட்ஜைப் பொத்திக்கொண்டது.

"தெரியாதுங்க."

எனக்கு அவளை அறைய வேண்டும் போல வந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் சின்னவள், பல் கிடுகிடுக்க, "ஆமாங்க. எனக்கும் இவங்களத் தெரியாது" என்றாள். அதற்குமேல் நான் என்ன பேசுவது? பேசினால் அந்த ஒரே பேட்ஜும் போய்விடும்.

அவளை ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டு வெளியே அனுப்பிவிடச் சொன்னார்கள். காவலாளி வந்தார். பேட்ஜ் இல்லாமல் யாரும் முற்றத்தில் நடக்கக்கூடாது என்பது விதியாம். 'பார்வையாளர்' என்று எழுதிய அட்டை ஒன்றைக் கயிற்றோடு நீட்டினார். சின்னவளின் விரல்கள் மடங்கவில்லை. அட்டை நழுவிக் கீழே விழுந்தது.

"ஏய் மஞ்சள், மரம் மாதிரி நிக்கிறியே. எடுத்து மாட்டிவிடு" என்றார் மேஸ்திரி.

பெரியவள் குனிந்து அட்டையை எடுத்தாள். முந்தானையால் ஈரத்தைத் துடைத்தாள். கயிற்றை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தபடி தங்கையின் எதிரில் போய் நின்றாள்.

சின்னவள் தலையைக் குனிந்து கொடுத்தாள்.