புகைக்குப் பின்னால் எத்தனை பேர்

கழுகு என்பது அவனுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல. கம்ப்யூட்டரில் அவனோடு சேர்ந்து விளையாடுகிற நான்கு பேர் வைத்தது. பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால் இப்போதெல்லாம் ஒரு கணம் யோசித்துத்தான் திரும்புவான். அந்த அளவுக்குப் பட்டம் தலைக்கு ஏறியிருந்தது.

விளையாட்டு ஒன்றும் கம்பசூத்திரம் இல்லை. இந்தப் பக்கம் ஐந்து பேர், அந்தப் பக்கம் ஐந்து பேர், அவரவர் வீட்டில் உட்கார்ந்தபடியே சுட்டுக்கொள்வார்கள். நடுவில் யாராவது புகைக்குண்டு வீசினால் வாசலும் சந்தும் மறைந்துபோகும். புகை அடங்கும்வரை எல்லோரும் பதுங்கிக் கிடப்பார்கள், கழுகைத் தவிர.

"புகைக்குப் பின்னால எத்தனை பேருடா?" என்று ஹெட்போனில் டீம் லீடர் கேட்பார்.

"ரெண்டு பேருண்ணே. ஒருத்தன் படியில, ஒருத்தன் பீப்பாய் பக்கத்துல."

போய்ப் பார்த்தால் சொன்ன இடத்தில் சொன்ன ஆள் இருப்பான். எப்படி என்று கேட்டால், "லேசா தெரியுதே, கண்ணைத் திறந்து பாருங்கடா" என்று அலட்டிக்கொள்வான். மற்றவர்கள் ஆடுவதை வீடியோவாகப் போடுகிறார்களே, அதையெல்லாம் அவன் பார்ப்பதில்லை. கழுகு காக்காயிடம் போய்ப் பறக்கக் கற்றுக்கொள்ளுமா என்பது அவன் கட்சி.

இந்தக் கண்ணை நம்பித்தான் லீடர் ஒரு பெரிய ஏற்பாடு செய்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை தேர்வுப் போட்டி. ஜெயித்தால் ஒரு நிறுவனம் ஐந்து பேரையும் மாதச் சம்பளத்துக்கு எடுத்துக்கொள்ளும். கழுகு அவசரப்பட்டு, சோபாக் கடையில் பார்த்துக்கொண்டிருந்த விற்பனை வேலையை முன்கூட்டியே விட்டுவிட்டான். முதலாளி அந்த வாரமே தன் மருமகனைக் கொண்டுவந்து அவன் நாற்காலியில் உட்காரவைத்துவிட்டார். "அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதை" என்று மாமனார் முணுமுணுத்தார். மனைவி மட்டும் முகம் சுளிக்கவில்லை. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு வேலை இருந்தது. "நான் இருக்கேன்ல. ஒரு தடவை முயற்சி பண்ணிப் பாருங்க" என்றாள்.

எல்லாம் சரி, ஸ்கிரீன்தான் சரியில்லை. விளையாட ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் வேர்க்குரு மாதிரி பச்சைப் புள்ளிகள் கிளம்பும். அப்புறம் கோடு கோடாக இழுக்கும். சில சமயம் மொத்தமும் கருத்துப்போய் நின்றுவிடும். கழுகு கேபிளை மாற்றிப் பார்த்தான். பக்கத்து வீட்டு மானிட்டரை இரவல் வாங்கி மாட்டிப் பார்த்தான். கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்து ஒரு தலையணைக்குப் போதுமான தூசியை வெளியே எடுத்தான். ஸ்கிரீனில் படம் காட்ட உதவும் டிரைவர் என்கிற மென்பொருளை அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றினான். டேபிள் ஃபேனைப் பெட்டிக்கு நேராகத் திருப்பிவிட்டு, தான் வியர்வையில் நனைந்தான். புள்ளிகள் அசைந்துகொடுக்கவில்லை.

"போட்டி நடுவுல ஸ்கிரீன் போச்சுன்னா நம்ம பொழப்பு சிரிப்பா சிரிச்சிரும்டா" என்று லீடர் கவலைப்பட்டார்.

மனைவி லீவு போட்டாள். பெட்டியைப் பழைய போர்வையில் சுற்றி, வண்டி பிடித்து கம்ப்யூட்டர் மெக்கானிக்கிடம் கொண்டுபோனாள். ஸ்கிரீனில் படத்தை வரைகிற கிராபிக்ஸ் கார்டில் ஒரு மெமரி சிப் கெட்டிருக்கிறது என்று அவர் கண்டுபிடித்து, அதைப் பெயர்த்தெடுத்து வேறு வைத்துக் கொடுத்தார். பகல் முழுக்க அவள் அந்தக் கடை ஸ்டூலிலேயே உட்கார்ந்திருந்தாளாம். வீட்டுக்கு வந்து ஒவ்வொரு வயராகத் தானே மாட்டி, "இப்பப் போட்டுப் பாருங்க" என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

ஒரு புள்ளி இல்லை, ஒரு கோடு இல்லை. விளையாட்டில் வருகிற ஓட்டுக்கூரையின் பாசிகூடப் பளிச்சென்று தெரிந்தது. கழுகு அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். அவள் சிரித்துக்கொண்டே சமையலறைக்குப் போனாள். அப்போதுதான் எதிர்ப்பக்கத்து ஆள் ஒருவன் புகைக்குண்டை வீசினான்.

வெள்ளைவெளேரென்று ஏதோ எழும்பி வாசலை அடைத்தது. கழுகுக்கு ஒன்றும் விளங்கவில்லை. இது புதுக் கோளாறு என்றே நினைத்தான். அடுத்த நாள் காலையில் முதல் ஆளாக மெக்கானிக் கடையில் போய் நின்றான்.

"அண்ணே, திடீர்னு ஒண்ணும் தெரிய மாட்டேங்குது. வெள்ளையா சுவர் மாதிரி வந்து மறைக்குது."

மெக்கானிக் தன் கடைக் கம்ப்யூட்டரிலேயே அந்த விளையாட்டைப் போட்டு, ஒரு குண்டை வீசிக் காட்டினார். அதே வெள்ளைச் சுவர் எழும்பியது.

"இதுவா சார்? இதுதான் புகை. எல்லாருக்கும் இப்படித்தான் வரும். உங்களுக்கு முன்னாடி வேற மாதிரியா வந்துச்சு?"

முன்னாடி அவனுக்கு மெல்லிய பனிமூட்டம் போலத்தான் வந்தது. அதன் வழியாக ஆட்கள் நடமாடுவது தெரிந்தது. கெட்டுப்போன சிப் புகையைச் சரியாக வரையாமல் விட்டிருக்கிறது. அதைத்தான் இவன் தன் கண் என்று நினைத்து ஊரெல்லாம் மார்தட்டியிருக்கிறான். கழுகு கடையின் கண்ணாடிப் பெட்டியைப் பிடித்துக்கொண்டான். வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது.

"அந்தப் பழைய சிப்பை மறுபடி வச்சுத் தர முடியுமாண்ணே?"

மெக்கானிக் முதலில் சிரித்தார். இவன் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினார். "நோயத் திருப்பிக் குடுன்னு யாரும் வந்ததில்ல சார். எடுக்கும்போதே அது உடைஞ்சு போச்சு. வேற கெட்ட சிப்பு வச்சாலும் அது வேற மாதிரிதான் கெடும்."

வீட்டில் மனைவி இல்லாத நேரங்களில் கழுகு தலைகீழ் வைத்தியம் பார்த்தான். பழைய டிரைவர்களைத் தேடிப்பிடித்து ஏற்றினான். தலைமுடி காயவைக்கிற மெஷினை வைத்து கார்டைச் சூடாக்கினான். ஃபேனை நிறுத்தினான். எதைச் செய்தாலும் அந்தக் கார்டு குணமான பிள்ளையாகவே நடந்துகொண்டது. அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னால் தாங்கமாட்டாள்.

ஞாயிறு மதியம் போட்டி தொடங்கியது. முதல் சுற்றிலேயே புகை எழுந்தது.

"எத்தனை பேருடா?"

"ஒ... ஒருத்தன்ணே. இடது பக்கம்."

நான்கு பேரும் கேள்வி கேட்காமல் உள்ளே பாய்ந்தார்கள். உள்ளே ஐந்து பேர் இருந்தார்கள், வலது பக்கத்தில். அடுத்த சுற்றிலும் லீடர் கேட்டார், இவன் குருட்டாம்போக்கில் ஒன்றைச் சொன்னான், அவர்கள் மறுபடியும் நம்பிப் பாய்ந்தார்கள். தப்பாகச் சொன்னதற்காக ஒருவன்கூடக் கோபப்படவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலாம் என்றிருந்தது கழுகுக்கு. கடைசிவரை ஒரு சுற்றுகூட ஜெயிக்கவில்லை.

ஆட்டம் முடிந்தது. பிறகு லீடர் சொன்னார்: "உன்னை வச்சே ஜெயிக்க முடியலன்னா, இது நமக்கு ஆகாதுடா. டீமை இன்னியோட கலைச்சிரலாம்." ஒருவன் அழுவது கேட்டது. ராசியில்லாதவன் தான்தான், தன்னால்தான் தோற்றோம் என்று அவன் சொல்லிக்கொண்டிருந்தான்.

கழுகுக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை.

"உன்னால இல்லடா. எனக்குக் கண்ணும் இல்ல, மண்ணும் இல்ல. என் கார்டு ரிப்பேரா இருந்துச்சு. எனக்குப் புகை சரியாவே வராது, அதனாலதான் ஆள் தெரிஞ்சாங்க. இந்த வாரம் கார்டு சரியாயிருச்சு. அவ்வளவுதான். மத்தபடி நான் ஒண்ணுமே இல்லடா."

லீடர் குறுக்கிட்டார். "எங்க மனசு உடையக் கூடாதுன்னு பழியை உன் தலையில போட்டுக்கறியா? உன் மாதிரி ஒருத்தன் கிடைக்க மாட்டாண்டா கழுகு."

"சத்தியமா சொல்றேண்ணே..."

"விடுறா. எங்களுக்குத் தெரியாதா உன்னை?"

ஒவ்வொருவராக விடைபெற்றுப் போனார்கள். அழுதவன் போகும்போது நன்றி சொல்லிவிட்டுப் போனான். கழுகு ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டுத் திரும்பினான்.

கதவருகில் மனைவி நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை. அவன் சொன்னதை அந்த நான்கு பேரும் நம்பவில்லை. அவள் நம்பிவிட்டிருந்தாள்.

"பெட்டியை நான்தானே ரிப்பேருக்குக் கொண்டுபோனேன்" என்றாள்.