ஓம் சொல்லத் தெரிந்த புரோகிராம்

எண்பத்தாறாம் ஆண்டு தைப்பொங்கல் முடிந்த கையோடு கொழும்புத் தலைமையகம் தலையில் இடியை இறக்கியது. மருந்துக் கம்பனியின் கொம்பியூட்டர்கள் தொலைபேசி வழியாகக் கதைக்கும் முறையையே மாற்றிவிட்டார்களாம். யாழ்ப்பாணக் கிளையின் பழைய புரோகிராமுக்கு அந்தப் புது நெறிமுறை பிடிபடாது. அதை எழுதியவனோ கனடாவுக்குப் பறந்துவிட்டான். ஆகவே மாசியோடு இங்குள்ள கொம்பியூட்டர் பகுதியை மூடிவிடுவார்களாம். அதைப் பார்க்கும் ஞானாம்பிகை வேலை வேண்டுமென்றால் கொழும்புக்கு வரலாமாம்.

வரலாமாம்! நீர்வேலிக்காரி ஞானாம்பிகைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தில் கொழும்பு வெள்ளவத்தையில் வீடு எரிய, உடுத்த சேலையோடு கப்பலேறிக் காங்கேசன்துறையில் வந்து இறங்கியவள் அவள். இனி அந்த ஊரில் கால் வைப்பதில்லை என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டாள். அவள் பிடித்த முயலுக்கு என்றைக்கும் மூன்று கால்தான்.

பழையதற்குள் கைவைக்க முடியாது. சரி, அதற்கும் தொலைபேசி லைனுக்கும் நடுவில் தரகன் மாதிரி ஒரு சின்னப் புரோகிராமை இருத்தினாள். பழையது சொல்வதை வாங்கிப் புது முறையில் கொழும்புக்குச் சொல்வது அதன் வேலை. ஆனால் ஒவ்வொரு முறையும் கிளையின் மருந்து ஓடர் பாதி போவதற்குள் கொழும்பு லைனை வெட்டியது. பழையது அடுத்த மருந்தை ஆறஅமரத் தேடியெடுக்கும். அந்த அமைதியைக் கொழும்பு பொறுக்காது. ஆள் போய்விட்டது என்று எண்ணிவிடும்.

அவள் தலையைப் பிடித்துக்கொண்டிருக்க, பக்கத்து மேசையில் மனேஜர் தியாகலிங்கம் ரிசீவரைத் தோளில் இடுக்கியபடி மேசை லாச்சியைக் கிளறிக்கொண்டிருந்தார். வாய் மட்டும் எல்லாவற்றுக்கும் ஆமாம் போடுவதுபோல் "ஓம்... ஓம்... ஓம்..." என்றது.

"என்ன சேர், எல்லாத்துக்கும் ஓம் போடுறியள்?"

அவர் ரிசீவரைப் பொத்தினார். "அவன் ஒண்டும் கேக்கேல்லைப் பிள்ளை. நான் கண்ணாடியைத் தேடுறன். சத்தமில்லாட்டி லைன் போயிட்டுதெண்டு வச்சிடுவான்."

யாழ்ப்பாணம் முழுக்க அப்படித்தானே கதைக்கிறது! ஞானாம்பிகைக்குச் சிரிப்பு வந்தது. பழையது தேடி முடிக்கும்வரை தரகன் கொழும்புக்கு ஓயாமல் ஓம் சொல்லும்படி நாலு வரி சேர்த்தாள். அன்று பின்னேரமே ஓடர் முழுதும் போய்ச் சேர்ந்தது.

மறுநாள் தலைமையகத்துக் கொம்பியூட்டர் பகுதிப் பெரியவர் கிறிஸ்துநாயகம் அவளைத் தொலைபேசியில் அழைத்தார்.

"கெட்டிக்காரி! இனி உங்கடை பகுதியை மூடத் தேவையில்லை. ஆனா உந்தப் புரோகிராம் எல்லாக் கிளைக்கும் வேணும். நீர் இஞ்சை வந்து இருந்து பாரும். இப்ப கொழும்பு அமைதி. பழசை மறந்துவிடும்."

ஞானாம்பிகைக்கு எரிந்த வீட்டின் மணம் மூக்கில் ஏறியது. மறந்துவிடவாம். ஒரு ஓம்கூட அவள் வாயிலிருந்து வரவில்லை.

"ஹலோ? லைனிலை இருக்கிறீரோ?"

"இருக்கிறன் சேர். இஞ்சைதான் இருக்கிறன். ஓம் சொல்லப் புரோகிராமை அனுப்புறன். நான் வரமாட்டன்."